ரூட் அனுமதி இல்லாத லினக்ஸ் சர்வரில் மென்பொருள் நிறுவுவது: முழுமையான வழிகாட்டி

பலர் சேர்ந்து பயன்படுத்தும் லினக்ஸ் சர்வரில் உங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. வேலைக்கு வேண்டிய மென்பொருள் அதில் இல்லை. அட்மின் உரிமையோடு கட்டளையை ஓட்டும் சூடோவைப் போட்டுப் பார்த்தால், உங்கள் பெயர் சூடோயர்ஸ் கோப்பில் இல்லை என்று பதில் வருகிறது. பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். அட்மினுக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். பெரும்பாலும் அப்படிக் காத்திருக்கத் தேவையே இல்லை.

ரூட் அனுமதி, அதாவது சர்வர் முழுவதையும் மாற்றும் உரிமை, எதற்குத் தேவைப்படுகிறது என்று பார்த்தாலே இது புரிந்துவிடும். ஏபிடி, டிஎன்எஃப் போன்ற தொகுப்பு மேலாளர்கள் கோப்புகளை /யூஎஸ்ஆர், /எட்சி, /வார் ஆகிய இடங்களில் வைக்கின்றன. அங்கே எழுதும் உரிமை சாதாரணப் பயனருக்குக் கிடையாது. தடை இடத்துக்குத்தான், மென்பொருளுக்கு இல்லை. அதே மென்பொருளை உங்கள் ஹோம் ஃபோல்டருக்குள் வைத்தால் அது பாட்டுக்கு ஓடும். ரூட் கட்டாயம் வேண்டிய வேலைகள் சில உண்டு: கெர்னல் மாட்யூல், சாதன டிரைவர், எல்லோருக்குமான சர்வீஸ், 1024-க்குக் கீழுள்ள போர்ட். அவற்றை அட்மினிடம் விட்டுவிடுங்கள்.

இந்தக் கட்டுரையில் கட்டளைகளை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். பாத், ஹோம் போன்ற சூழல் மாறிகள் மட்டும் முழுக்கப் பேரெழுத்தில் வரும்.

முதலில் சர்வரை விசாரியுங்கள்

நேராக டவுன்லோடுக்குப் போகாதீர்கள். ஐந்து நிமிடம் செலவழித்து இந்த விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.

யூநேம் -எம் என்று கொடுத்தால் ப்ராசசர் வகை தெரியும். எக்ஸ்86_64 என்று வந்தால் இன்டெல் அல்லது ஏஎம்டி, ஏஆர்ச்64 என்று வந்தால் ஆர்ம். வேறு வகைக்கான கோப்பை இறக்கினால் "எக்ஸெக் ஃபார்மட் எரர்" என்ற பிழைதான் கிடைக்கும். எந்த டிஸ்ட்ரோ (லினக்ஸ் வகை), எந்தப் பதிப்பு என்பது /எட்சி/ஓஎஸ்-ரிலீஸ் என்ற கோப்பில் இருக்கிறது.

அடுத்தது எல்டிடி --வெர்ஷன். இது ஜிலிப்சியின் பதிப்பைச் சொல்லும். ஜிலிப்சிதான் லினக்ஸில் ஏறக்குறைய எல்லா நிரல்களும் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரி. பழைய ஜிலிப்சியில் உருவாக்கிய நிரல் புதியதில் ஓடும், ஆனால் புதியதில் உருவாக்கியது பழையதில் பெரும்பாலும் ஓடாது. சென்ட்ஓஎஸ் 7-இல் இருப்பது 2.17. ரெட் ஹாட் 8-இல் 2.28, உபுண்டு 20.04-இல் 2.31, உபுண்டு 22.04-இல் 2.35. நோட் ஜேஎஸ் 18-இன் அதிகாரப்பூர்வ பைனரிக்கு (தயாரான ஓட்டும் கோப்புக்கு) 2.28 வேண்டும், அதனால் அது சென்ட்ஓஎஸ் 7-இல் ஓடாது. சென்ட்ஓஎஸ் 7-க்கான ஆதரவு 2024 ஜூனில் முடிந்துவிட்டது, ஆனாலும் அது ஓடிக்கொண்டிருக்கும் பழைய சர்வர்கள் உண்டு. "ஜிலிப்சி_2.28 நாட் ஃபவுண்ட்" என்ற செய்தியைப் பார்த்தால் காரணம் இதுதான். உடனே புதிய ஜிலிப்சியைக் கம்பைல் செய்து (சோர்ஸிலிருந்து கட்டி), லைப்ரரிகளைத் தேடும் இடங்களைச் சொல்லும் எல்டி_லைப்ரரி_பாத்தில் சேர்க்கலாமே என்று தோன்றும். செய்யாதீர்கள். ஜிலிப்சியும் நிரலை ஏற்றிவிடும் லோடரும் ஒரே பதிப்பாக இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் எல்எஸ் கட்டளைகூட உடைந்துபோகும். இந்தச் சிக்கலுக்குச் சரியான வழிகள் மூன்று: நிரலின் பழைய பதிப்பு, ஸ்டாட்டிக் பைனரி, கண்டெய்னர் (மென்பொருளையும் அதன் லைப்ரரிகளையும் சேர்த்து அடைத்த தொகுப்பு). பின்னிரண்டும் கீழே வருகின்றன.

பிறகு இடம். கோட்டா -எஸ் என்று கொடுத்து உங்களுக்கு எவ்வளவு ஒதுக்கியிருக்கிறார்கள் என்று பாருங்கள். ஜிபி கணக்கு மட்டும் போதாது. பல சர்வர்களில் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு உண்டு. கொண்டா (கீழே வரும் தொகுப்பு மேலாளர்) மாதிரி ஒரு சூழல் ஆயிரக்கணக்கான குட்டிக் கோப்புகளைக் கொட்டிவிடும், இடம் மிச்சமிருக்கும்போதே எண்ணிக்கை தீர்ந்துவிடும்.

இன்னொன்று பலரைக் குழப்புவது. எக்ஸிகியூட் உரிமை கொடுத்த பிறகும் "பெர்மிஷன் டினைடு" என்று வந்தால், அந்த டிஸ்க் நோஎக்ஸெக் என்ற நிபந்தனையோடு ஏற்றப்பட்டிருக்கலாம். /டெம்ப் அப்படி இருப்பது சகஜம். மவுண்ட் கட்டளையில் பார்த்தால் தெரியும். சில இன்ஸ்டாலர்கள் /டெம்ப்பில் கோப்பைப் பிரித்து அங்கிருந்தே ஓட்டப் பார்க்கும். டெம்ப்டிர் மாறியை உங்கள் ஹோமுக்குள் ஒரு ஃபோல்டருக்குத் திருப்பிவிட்டால் சரியாகிவிடும்.

ஏற்கெனவே இருக்கிறதா?

ஆராய்ச்சி நிறுவனங்களின் பெரிய சர்வர்களில் மாட்யூல் அவைல் என்று கொடுத்துப் பாருங்கள். நீங்கள் தேடும் ஜிசிசி, பைத்தான், ஆர் எல்லாம் பல பதிப்புகளில் வரிசையாக நிற்கலாம். மாட்யூல் லோட் என்று சொல்லி மென்பொருளின் பெயரைக் கொடுத்தால் அது உங்கள் சூழலுக்குள் வந்துவிடும். இந்த வசதி உள்ள சர்வரில் இதைப் பார்க்காமல் கம்பைல் செய்ய உட்காருவது வீண் உழைப்பு. /ஆப்ட், /யூஎஸ்ஆர்/லோக்கல் ஃபோல்டர்களையும் ஒரு முறை எட்டிப் பாருங்கள்.

வீட்டை ஒழுங்குபடுத்துதல்

ஹோம் ஃபோல்டரில் இரண்டு இடங்களை உருவாக்குங்கள் (~ குறி ஹோமைக் காட்டும்):

எம்கேடிர் -பி ~/ஆப்ஸ் ~/.லோக்கல்/பின்

ஒவ்வொரு மென்பொருளும் ஆப்ஸுக்குள் தன் பெயரும் பதிப்பும் கொண்ட தனி ஃபோல்டரில் இருக்கட்டும். அதிலுள்ள ஓட்டும் கோப்புக்கு மட்டும் .லோக்கல்/பின்னில் ஒரு சிம்லிங்க் (அந்தக் கோப்பைச் சுட்டும் குறுக்குவழி). பல வழிகாட்டிகள் எல்லாவற்றையும் .லோக்கலுக்குள் நேரடியாக நிறுவச் சொல்கின்றன. நான் அதை ஏற்கவில்லை. பத்து மென்பொருள் சேர்ந்த பிறகு எந்தக் கோப்பு எதனுடையது என்று யாராலும் சொல்ல முடியாது. தனி ஃபோல்டர் என்றால் நீக்குவதற்கு அந்த ஃபோல்டரையும் லிங்கையும் அழித்தால் முடிந்தது. பதிப்பு மாற்ற, லிங்கைத் திருப்பினால் போதும்.

அப்புறம், நீங்கள் தட்டும் கட்டளைகளை ஓட்டும் ஷெல்லான பேஷின் தொடக்கக் கோப்பு .பேஷ்ஆர்சி. அதன் கடைசியில் இந்த வரி:

எக்ஸ்போர்ட் பாத்="$ஹோம்/.லோக்கல்/பின்:$பாத்"

ஷெல் இந்தப் பட்டியலை இடமிருந்து வலமாகத் தேடும். முதலில் கண்ணில் படுவதை ஓட்டும். அதனால்தான் நம் ஃபோல்டர் முன்னால் நிற்கிறது. சில சர்வர்களில் எஸ்எஸ்எச் வழியாக நுழையும்போது .பேஷ்_ப்ரொஃபைல் மட்டுமே வாசிக்கப்படும், அதிலிருந்து .பேஷ்ஆர்சி அழைக்கப்படுகிறதா என்று சரிபாருங்கள். நிறுவிய பின்னும் பழைய பதிப்பே ஓடினால் ஹேஷ் -ஆர் கொடுங்கள். பேஷ் பழைய இடத்தை நினைவில் வைத்திருக்கும், அதை மறக்கச் செய்ய இந்தக் கட்டளை.

.பேஷ்ஆர்சியைத் திருத்தும்போது இன்னொரு எஸ்எஸ்எச் இணைப்பைத் திறந்தே வைத்திருங்கள். பாத் வரியில் ஒரு எழுத்து தவறினாலும் எந்தக் கட்டளையும் கிடைக்காமல் போகலாம். அந்த நிலை வந்தால் /யூஎஸ்ஆர்/பின்/விஐ என்று முழுப் பாதையைத் தட்டித் திறந்து திருத்துங்கள். அந்தக் கோப்பில் எக்கோ மூலம் வரவேற்புச் செய்தி எதுவும் போடாதீர்கள், எஸ்சிபியும் எஸ்எஃப்டிபியும் அதனால் தடுமாறும்.

எளிதான வழி: தயாராக உள்ள பைனரி

ரிப்கிரெப், எஃப்இசட்எஃப் போன்ற கருவிகளைத் தயாராகவே கம்பைல் செய்து கிட்ஹப்பின் ரிலீஸ் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள். உங்கள் ப்ராசசருக்கு உரியதை இறக்கி, டார் -எக்ஸ்எஃப் கொண்டு ஆப்ஸுக்குள் பிரித்து, எல்என் -எஸ் மூலம் லிங்க் கொடுங்கள். ஒரே கருவிக்கு ஜிஎன்யு (ஜிலிப்சி) என்றும் மஸ்ல் (அதற்கு மாற்றான லைப்ரரி) என்றும் இரண்டு பெயர்களில் கோப்பு இருந்தால், பழைய சர்வரில் மஸ்லைத் தேர்ந்தெடுங்கள். அது பெரும்பாலும் ஸ்டாட்டிக், அதாவது வேண்டிய லைப்ரரி எல்லாம் உள்ளேயே இருக்கும். ஜிலிப்சி பதிப்பைப் பற்றி அது கவலைப்படாது.

செக்சம் (கோப்பு மாறவில்லை என்று சரிபார்க்கும் எண்) கொடுத்திருந்தால் எஸ்எச்ஏ256சம் கொண்டு ஒப்பிட்டுவிடுங்கள். கர்ல் கட்டளையின் வெளியீட்டை நேராக பேஷுக்குள் தள்ளச் சொல்லும் இன்ஸ்டால் குறிப்புகள் நிறைய உண்டு. முதலில் கோப்பாக இறக்கி, வாசித்துவிட்டு ஓட்டுங்கள். அது எந்தக் கோப்புகளை மாற்றப் போகிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

ஆப்இமேஜ் வகைக் கோப்பு (ஒரே கோப்பில் அடைத்த மென்பொருள்) ஃப்யூஸ் இல்லை என்று புகார் செய்தால், அதையே --ஆப்இமேஜ்-எக்ஸ்ட்ராக்ட் என்று சேர்த்து ஓட்டுங்கள். உள்ளிருப்பதைப் பிரித்துக் கொடுத்துவிடும்.

டெப் அல்லது ஆர்பிஎம் தொகுப்பு (ஏபிடி, டிஎன்எஃப் நிறுவுபவை) மட்டும்தான் கிடைக்கிறதா? அதையும் நிறுவாமல் பிரிக்கலாம். டெப்புக்கு டிபிகேஜி -எக்ஸ், கோப்பின் பெயர், ஃபோல்டரின் பெயர். ஆர்பிஎம்முக்கு ஆர்பிஎம்2சிபிஐஓ கட்டளையின் வெளியீட்டை சிபிஐஓ -ஐடிஎம்வி என்பதற்குள் செலுத்துங்கள். சிறு கருவிகளுக்கு இது நன்றாக வேலை செய்யும். /யூஎஸ்ஆர்/ஷேர் போன்ற பாதைகளைத் தனக்குள்ளேயே எழுதி வைத்திருக்கும் பெரிய மென்பொருளுக்கு வேலை செய்யாது.

மொழிகளின் சொந்த வழிகள்

பைத்தானில் ஒவ்வொரு திட்டத்துக்கும் ஒரு வெர்ச்சுவல் சூழல் (அதற்கு மட்டுமான தொகுப்புகள் இருக்கும் ஃபோல்டர்) வையுங்கள்:

பைத்தான்3 -எம் விஎன்வி ~/ஆப்ஸ்/திட்டம்

பைத்தான் தொகுப்புகளை நிறுவும் பிப்பை --யூசர் என்று ஓட்டும் பழக்கத்தை விட்டுவிடுவது நல்லது. எல்லாத் திட்டங்களின் தொகுப்புகளும் ஒரே இடத்தில் குவிந்து ஒன்றையொன்று உடைக்கும். டெபியன் 12 முதல் "எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்" என்று பிப்பே மறுத்துவிடுகிறது. டெபியன், உபுண்டு சர்வர்களில் விஎன்வி தொகுப்பையே அட்மின் நிறுவாமல் விட்டிருக்கலாம், அப்போது என்ஷ்யூர்பிப் இல்லை என்று பிழை வரும். இதற்கு யூவி என்ற கருவி நல்ல மாற்று. அது ஒற்றை பைனரி, வேண்டிய பைத்தான் பதிப்பைத் தானே இறக்கி ஹோமுக்குள் வைத்துக்கொள்ளும். இன்னொன்று: வெர்ச்சுவல் சூழலின் ஃபோல்டரை வேறு இடத்துக்கு நகர்த்தாதீர்கள். அதற்குள் முழுப் பாதைகள் எழுதப்பட்டிருக்கின்றன. வேறு இடம் வேண்டுமானால் புதிதாக உருவாக்குங்கள்.

நோட் ஜேஎஸ்ஸுக்கு, அதன் பதிப்புகளை நிறுவித் தரும் என்விஎம். அது இல்லாமல் சர்வரில் உள்ள நோடையே பயன்படுத்துவதானால், நோடின் தொகுப்பு மேலாளரான என்பிஎம்மின் ப்ரிஃபிக்ஸை (நிறுவும் இடத்தை) ~/.லோக்கலுக்கு மாற்றுங்கள். இரண்டையும் ஒன்றாகச் செய்ய வேண்டாம், என்விஎம்முக்கும் ப்ரிஃபிக்ஸ் அமைப்புக்கும் ஒத்துவராது. ரஸ்ட்டின் ரஸ்ட்அப் இயல்பாகவே ஹோமுக்குள்தான் நிறுவும். ஆர் மொழி தனிப்பட்ட லைப்ரரி உருவாக்கவா என்று அதுவே கேட்கும், ஆம் என்று சொல்லுங்கள். பெர்லுக்கு லோக்கல் லிப் இருக்கிறது.

கொண்டா எப்போது?

ஒரு மென்பொருளுக்குப் பின்னால் இருபது லைப்ரரி வரிசைகட்டி நிற்கும்போது கொண்டா. குறிப்பாக உயிரியல், புவியியல் துறைக் கருவிகளுக்கு இதுதான் என் முதல் தேர்வு. சர்வரில் சி கம்பைலரே இல்லாவிட்டாலும் கொண்டா ஃபோர்ஜ் என்ற தொகுப்புச் சேனலில் கம்பைலர்ஸ் என்ற தொகுப்பு கிடைக்கும். மினிஃபோர்ஜ் இன்ஸ்டாலரை எடுங்கள். அனகொண்டாவின் டிஃபால்ட் சேனலுக்குப் பெரிய நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற நிபந்தனை உண்டு, மினிஃபோர்ஜ் இயல்பாகக் கொண்டா ஃபோர்ஜ் சேனலையே பயன்படுத்துகிறது.

நிறுவும்போது ஷெல்லின் தொடக்கக் கோப்பை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். மாற்றவிட்டால் ஒவ்வொரு முறை நுழையும்போதும் கொண்டாவின் பைத்தானும் லைப்ரரிகளும் முன்னால் வந்து நின்று, மற்ற கம்பைல் வேலைகளைக் குழப்பும். தேவைப்படும்போது சோர்ஸ் ~/மினிஃபோர்ஜ்3/பின்/ஆக்டிவேட் என்று கொடுத்தால் போதும். அடிப்படைச் சூழலில் எதையும் நிறுவாமல் வேலைக்கொரு சூழல் வையுங்கள். அவ்வப்போது கொண்டா க்ளீன் --ஆல் ஓட்டினால், இறக்கி வைத்த தொகுப்புகள் அழிந்து கோட்டா மூச்சுவிடும்.

சோர்ஸிலிருந்து கம்பைல் செய்தல்

இதற்கு அஞ்ச வேண்டியதில்லை. பெரும்பாலான மென்பொருளுக்கு மூன்றே வரிதான்:

./கான்ஃபிகர் --ப்ரிஃபிக்ஸ்=$ஹோம்/ஆப்ஸ்/பெயர்
மேக் -ஜே4
மேக் இன்ஸ்டால்

ப்ரிஃபிக்ஸ்தான் எல்லாவற்றுக்கும் சாவி. அதைக் கொடுக்காவிட்டால் /யூஎஸ்ஆர்/லோக்கலில் எழுதப் பார்த்துத் தோற்கும். மூன்றாவது வரிக்கு முன்னால் சூடோ போடுமாறு குறிப்புகள் சொல்லும், அதை விட்டுவிடுங்கள். சிமேக் பயன்படுத்தும் மென்பொருளுக்கு சிமேக்_இன்ஸ்டால்_ப்ரிஃபிக்ஸ் என்ற மாறியைப் பேரெழுத்தில், முன்னால் -டி சேர்த்துக் கொடுக்க வேண்டும். அந்த டியும் பேரெழுத்து.

சிக்கல் தொடங்குவது, அந்த மென்பொருளுக்கு வேண்டிய லைப்ரரியும் சர்வரில் இல்லாதபோதுதான். ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை நடத்தும் டிமக்ஸை எடுத்துக்கொள்வோம். அதற்கு லிப்ஈவென்ட், என்கர்ஸஸ் என்ற இரண்டு லைப்ரரிகள் வேண்டும். இயங்கும் கோப்பு மட்டும் இருந்தால் போதாது, கம்பைலர் வாசிக்கும் ஹெடர் கோப்புகளும் வேண்டும். சர்வரில் பெரும்பாலும் இல்லாதது அவைதான். மூன்றையும் ~/ஆப்ஸ்/டிமக்ஸ் என்ற ஒரே ப்ரிஃபிக்ஸில் வைப்போம்.

முதலில் லிப்ஈவென்ட். கான்ஃபிகருக்கு ப்ரிஃபிக்ஸோடு --டிஸேபிள்-ஓபன்எஸ்எஸ்எல் சேருங்கள். டிமக்ஸுக்கு அது தேவையில்லை, ஒரு சார்பு (அதாவது முன்தேவையான லைப்ரரி) குறையும். அடுத்து என்கர்ஸஸ். இதற்கு --வித்-ஷேர்டு, --வித்-டெர்ம்லிப், --எனேபிள்-பிசி-ஃபைல்ஸ் ஆகிய மூன்றையும், --வித்-பிகேஜி-கான்ஃபிக்-லிப்டிர் என்பதற்கு உங்கள் ப்ரிஃபிக்ஸின் லிப்/பிகேஜிகான்ஃபிக் பாதையையும் கொடுங்கள். கடைசி இரண்டும் இல்லாவிட்டால் டிமக்ஸ் இந்த லைப்ரரியைத் தேடிக் கண்டுபிடிக்காது.

மூன்றாவதாக டிமக்ஸ். கான்ஃபிகர் ஓட்டும் முன் இரண்டு சூழல் மாறிகள். பிகேஜி_கான்ஃபிக்_பாத், மேலே சொன்ன பிகேஜிகான்ஃபிக் ஃபோல்டரைக் காட்ட வேண்டும். எல்டிஃபிளாக்ஸ் மாறிக்குள், ஹைஃபனுக்குப் பின் பேரெழுத்து டபிள்யூ, சிற்றெழுத்து எல், ஒரு காற்புள்ளி, ஹைஃபனோடு ஆர்பாத், இன்னொரு காற்புள்ளி, கடைசியாக ப்ரிஃபிக்ஸின் லிப் ஃபோல்டர். இடையில் இடைவெளி கூடாது. பிறகு வழக்கமான மூன்று வரி. யாக் இல்லை என்று கான்ஃபிகர் நின்றால் பைசனும் தேவை, அதையும் இதே மூன்று வரியில் கட்டிவிடலாம்.

ஆர்பாத் என்பது, உன் லைப்ரரி இந்த இடத்தில் இருக்கிறது என்று நிரலுக்குள்ளேயே எழுதி வைப்பது. இதற்குப் பதிலாக எல்டி_லைப்ரரி_பாத்தை .பேஷ்ஆர்சியில் போடச் சொல்வார்கள். அது நீங்கள் ஓட்டும் எல்லா நிரல்களையும் பாதிக்கும். உங்கள் புதிய என்கர்ஸஸை சர்வரின் பழைய நிரல்களும் எடுத்துக்கொண்டு விநோதமான பிழைகளைக் காட்டும், காரணம் தேடி அலைவீர்கள். ஆர்பாத் அந்த ஒரு நிரலோடு நின்றுவிடும். ஒரு தடவை சோதித்துப் பார்க்க மட்டும் எல்டி_லைப்ரரி_பாத் போதும்.

முடிந்ததும் எல்டிடி கட்டளையை டிமக்ஸ் கோப்பின் மேல் ஓட்டுங்கள். லைப்ரரிகளின் எதிரே உங்கள் பாதை தெரிந்தால் சரி. "நாட் ஃபவுண்ட்" என்று இருந்தால் ஆர்பாத்தில் பாதை தவறு. சில மென்பொருள் லிப்புக்குப் பதிலாக லிப்64 என்ற ஃபோல்டரில் வைக்கும், அதையும் பாருங்கள். கான்ஃபிகர் தோற்றால் திரையின் கடைசி வரியோடு நிற்காமல் கான்ஃபிக்.லாக் கோப்பைத் திறந்து வாசியுங்கள். உண்மையான காரணம் அதில்தான் இருக்கும்.

சார்புகள் ஐந்தாறுக்கு மேல் போனால் கையால் கட்டுவதை நிறுத்திவிட்டு ஸ்பேக்கைப் பாருங்கள். லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தில் பிறந்த கருவி அது. ரூட் இல்லாமலே, சார்புகள் அனைத்தையும் சோர்ஸிலிருந்து கட்டித் தரும். நேரம் எடுக்கும், ஆனால் வேலை ஒழுங்காக நடக்கும்.

கண்டெய்னர்

கண்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் உள்ள சர்வரில்கூட உங்களை டாக்கர் குழுவில் சேர்க்க அட்மின் மறுப்பார். அவர் மறுப்பது நியாயம்தான். அந்தக் குழுவில் இருப்பவர் சர்வரின் முழு டிஸ்கையும் ஒரு கண்டெய்னருக்குள் ஏற்றி மாற்றிவிட முடியும், அது ரூட் அனுமதிக்குச் சமம். இதற்கு மாற்றாக வந்தது ஆப்டெய்னர். முன்பு சிங்குலாரிட்டி என்ற பெயரில் இருந்தது, 2021-இல் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குள் வந்தபோது பெயர் மாறியது. ஆப்டெய்னர் புல் கட்டளைக்கு டாக்கர் இமேஜின் முகவரியைக் கொடுத்தால், அதை ஒரே கோப்பாக மாற்றித் தரும். ஆயிரம் கோப்புகளுக்குப் பதில் ஒரு கோப்பு, ஆகவே எண்ணிக்கை வரம்பும் பிரச்சினை இல்லை. ஜிலிப்சி பழையதாக இருக்கும் சர்வருக்கு இதுதான் நம்பகமான தீர்வு.

ஒரு பொறி இருக்கிறது. ஆப்டெய்னர் உங்கள் ஹோமை இயல்பாகவே கண்டெய்னருக்குள் ஏற்றிவிடும். ~/.லோக்கலில் முன்பு பிப் வைத்துப்போன தொகுப்புகள் உள்ளேயிருக்கும் பைத்தானோடு கலந்து தொல்லை கொடுக்கும். --நோ-ஹோம் சேர்த்து ஓட்டிப் பாருங்கள். அதன் கேஷும் ஹோமில் வளரும், ஆப்டெய்னர்_கேஷ்டிர் மாறியால் வேறு டிஸ்குக்குத் திருப்பலாம்.

ஆப்டெய்னரே சர்வரில் இல்லையென்றால், அதையும் ரூட் இல்லாமல் நிறுவும் ஸ்கிரிப்டை அந்தத் திட்டமே தருகிறது. கெர்னல் யூசர் நேம்ஸ்பேஸை (சாதாரணப் பயனர் தன் தனி வட்டத்துக்குள் மட்டும் ரூட்டாக இயங்கும் வசதியை) அனுமதிக்க வேண்டும். அன்ஷேர் -ஆர் ஹூஅமை என்று கொடுத்து ரூட் என்று பதில் வந்தால் அனுமதி உண்டு. டாக்கருக்கு மாற்றான ரூட்லெஸ் பாட்மேனுக்கும் இதுவே அடிப்படை.

சர்வீஸ் ஓட்டுவது

தொடர்ந்து ஓட வேண்டிய நிரலுக்கு சிஸ்டம்சிடிஎல் --யூசர் பயன்படும். நிரலை எப்படி ஓட்டுவது என்று சொல்லும் யூனிட் கோப்பை ~/.கான்ஃபிக்/சிஸ்டம்டி/யூசர் ஃபோல்டரில் வையுங்கள். நீங்கள் வெளியேறியதும் அது நின்றுபோகாமல் இருக்க லாகின்சிடிஎல் எனேபிள்-லிங்கர் வேண்டும், சில சர்வர்களில் இதை அட்மின்தான் செய்து தர வேண்டியிருக்கும்.

போர்ட் எண் 1024-க்கு மேல் இருக்கட்டும். நிரலை 127.0.0.1 (சர்வர் தன்னைத்தானே குறிக்கும்) முகவரியில் மட்டும் கேட்கச் சொல்லி, உங்கள் கணினியிலிருந்து எஸ்எஸ்எச் -எல் சுரங்கம் வழியாக அணுகுங்கள். அந்த எல் பேரெழுத்து. ஆனால் இதோடு பாதுகாப்பு முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். அதே சர்வரில் கணக்குள்ள மற்றவர்களும் 127.0.0.1-ஐ அணுக முடியும். உலாவியில் நிரல் எழுதி ஓட்டும் ஜூபிட்டர் போன்றவற்றில் டோக்கனை (நுழைவுச் சாவியை) அணைத்துவிட்டு ஓட்டினால், பக்கத்துப் பயனர் உங்கள் பெயரில் எதையும் செய்யலாம்.

மற்றவர்களும் இருக்கிறார்கள்

மேக் -ஜே என்று எண் இல்லாமல் கொடுத்தால் கட்டுப்பாடின்றி வேலைகளைத் தொடங்கிவிடும். எல்லோருடைய வேலையும் தடைபடும். நான்கு அல்லது எட்டு போதும், முன்னால் நைஸ் சேர்த்தால் இன்னும் நல்லது. லாகின் நோடும் (நீங்கள் நுழையும் கணினி) கணிப்பு நோடும் (பெரிய வேலைகள் ஓடும் கணினி) தனித்தனியாக உள்ள சர்வரில், பெரிய கம்பைல் வேலையைக் கணிப்பு நோடுக்கு அனுப்புங்கள்.

நீங்கள் நிறுவியதை நண்பர் ஒருவர் பயன்படுத்த விரும்பினால் வாசிக்கவும் ஓட்டவும் உரிமை கொடுங்கள், எழுத வேண்டாம். சிஎச்மாட் 777 எந்த நிலையிலும் தீர்வல்ல. யார் வேண்டுமானாலும் கோப்பை மாற்றி வைக்க, நீங்கள் அதை உங்கள் உரிமையோடு ஓட்டுவீர்கள். அதே காரணத்தால், பிறர் எழுதக்கூடிய ஃபோல்டரையோ, நீங்கள் அப்போது நிற்கும் ஃபோல்டரைக் குறிக்கும் புள்ளியையோ உங்கள் பாத்தில் சேர்க்காதீர்கள். இன்னொன்றும் உண்டு: அட்மின் சர்வரின் தொகுப்புகளைப் புதுப்பிப்பார், உங்கள் ஹோமில் இருப்பதைத் தொடமாட்டார். வெளியுலகத்தோடு பேசும் மென்பொருளை நீங்கள்தான் புதுப்பித்து வர வேண்டும்.

ஆப்ஸ் ஃபோல்டருக்குள் ஒரு குறிப்புக் கோப்பு வைத்து, ஒவ்வொன்றையும் எங்கிருந்து எடுத்தீர்கள், கான்ஃபிகருக்கு என்ன கொடுத்தீர்கள் என்று எழுதி வாருங்கள். பதிப்பு மாற்றும் நாளில் உதவும். பலருக்கும் தேவைப்படும் மென்பொருள் என்றால் அந்தக் குறிப்பையே அட்மினுக்கு அனுப்பலாம். பெயர், பதிப்பு, சார்புகள், வேலை செய்த கட்டளைகள் எல்லாம் அதில் இருப்பதால், அவர் அதை மாட்யூலாக நிறுவுவது எளிது.